உங்கள் மாடல் கார் ஏன் ‘எகிறி’ நிற்கிறது? எல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டர்தான்!

பெரம்பலூர் - அரியலூர் சாலையில் ஒரு டீ குடிக்கும் நேரம் நின்றால் போதும். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் வரிசைகட்டிப் போகும். எதிர்ப்பக்கம் லோடு இறக்கிவிட்டு காலியாகத் திரும்பும் லாரிகளும் வரும். இரண்டையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கம்பெனி, மாடல், டயர் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் நிற்கிற விதம் வேறு. லோடு வண்டி பின்பக்கம் அமுங்கி, உட்கார்ந்த மாதிரி போகும். காலி வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டே வரும்.

ஒரு வண்டி தரையில் நிற்கும் இந்தத் தோரணைக்குப் பெயர்தான் ‘ஸ்டான்ஸ்’. தரைக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் உயரம் ‘ரைடு ஹைட்’. இப்போது உங்கள் மேசையில், மானிட்டர் பக்கத்தில் நிற்கும் அந்தக் குட்டி காரைப் பாருங்கள். பெயின்ட் சூப்பர், லோகோ சூப்பர், ஹெட்லைட் கூட அப்படியே இருக்கு. ஆனாலும் ஏதோ ஒன்று இடிக்கிறதா? டயருக்கு மேலே விரல் நுழையும் அளவு இடைவெளி, ஜீப் மாதிரி எகிறி நிற்கும் பாடி... பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான்.

இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும். பெரிய செலவு இல்லை. பள்ளிக்கூட வகுத்தல் கணக்கும், கொஞ்சம் பொறுமையும், நாலைந்து காலாவதியான ஏடிஎம் கார்டுகளும் இருந்தால் போதும்.

முதலில், ஸ்கேல் என்றால் என்ன?

1:24 என்றால் நிஜ காரின் 24 மில்லிமீட்டர், மாடலில் 1 மில்லிமீட்டர். 1:64 என்றால் 64 மி.மீ. இங்கே 1 மி.மீ. ஆகிவிடும். இந்த எண்கள் சும்மா வந்தவை இல்லை. அடி, அங்குலக் கணக்கில் பிறந்தவை. ஓர் அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் 1:24. ஓர் அடியை ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்காகச் சுருக்கினால் 1:64.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தவறும் அதே விகிதத்தில் பெருகும். 1:64 மாடல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரமாக நின்றால், நிஜத்தில் அது 64 மி.மீ. அதாவது இரண்டரை அங்குலம். தெருவில் ஒரு கார் இரண்டரை அங்குலம் தூக்கி நின்றால் நம் கண்ணுக்கு உடனே தெரியாதா? மாடலிலும் அதேதான் நடக்கிறது. என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், கண் கண்டுபிடித்துவிடும்.

கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாதா?

நன்றாகத் தெரியும். ஆனால் அவர்களுக்கு வேறு கவலைகள் இருக்கின்றன.

முதல் காரணம், அது ஓட வேண்டும். மேட்டல் நிறுவனம் 1968-ல் ஹாட் வீல்ஸ் கார்களை அறிமுகப்படுத்தியபோதே, வேகமாக ஓடுவதுதான் அதன் ஸ்பெஷல். டிராக்கில் ஓட, சக்கரம் எதிலும் உரசக் கூடாது. அடிப்பாகம் தட்டக் கூடாது. அதனால் உயரம் கொஞ்சம் கூடத்தான் வைப்பார்கள்.

இரண்டாவது, ‘எல்லாருக்கும் ஒரே செருப்பு’ கதை. ஒரே சக்கர டிசைனைப் பல கார்களுக்கும் மாட்டுவார்கள். ஒவ்வொரு காருக்கும் தனி அளவில் சக்கரம் செய்தால் விலை எங்கேயோ போய்விடும்.

மூன்றாவதை யாரும் அதிகம் யோசிப்பதில்லை: தகட்டின் தடிமன். நிஜ காரின் பாடித் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை 1:24-க்குச் சுருக்கினால் தலைமுடியை விட மெல்லியதாகிவிடும். அப்படி பிளாஸ்டிக்கில் வார்க்க முடியாது. மாடலின் பாடி ஒரு மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், அது நிஜத்தில் 24 மி.மீ. கனமான சுவர்! அந்தச் சுவர் சக்கரக் குழிக்குள் இருக்கும் இடத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. டயர் மேலே ஏற இடம் இல்லாததால், பாடியைத் தூக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, எடை. நிஜ டயர் காரின் பாரத்தில் அடியில் கொஞ்சம் தட்டையாகும். மாடல் டயருக்கு அந்தப் பாரம் இல்லை. முழு வட்டமாக, தரையை ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு நிற்கும். அதனால்தான் சில மாடல்கள் நிற்காமல் மிதப்பது போலத் தெரிகின்றன.

பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் புல்-பேக் பொம்மைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின் அச்சோடு ஒரு கியர் பெட்டி இருக்கும். பின்பக்க உயரத்தைத் தீர்மானிப்பதே அந்தப் பெட்டிதான். அதைக் கழற்றாமல் பின்பக்கத்தை இறக்குவது கஷ்டம்.

அட்டையில் 1:64 என்று இருந்தால் நம்பலாமா?

முழுசா நம்பாதீர்கள். மலிவு விலை கார்களில் பல, ஒரே அளவு பெட்டிக்குள் அடங்குவதற்காக ஏறக்குறைய மூன்று அங்குல நீளத்தில் செய்யப்படுபவை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்பாசடரின் நீளம் 4,325 மி.மீ. சரியான 1:64-ல் அது 67.6 மி.மீ. இருக்க வேண்டும். மாருதி 800-ன் நீளம் 3,335 மி.மீ. அது 52.1 மி.மீ.தான் வர வேண்டும். அதே மாருதியை 75 மி.மீ. நீளத்துக்குச் செய்தால் அதன் உண்மையான ஸ்கேல் ஏறக்குறைய 1:44. ஒன்பது மீட்டர் லாரியை அதே 75 மி.மீ.க்குள் அடக்கினால் 1:120. ஆனால் ஷெல்ஃபில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நீளத்தில் நிற்கும்!

எனவே முதல் வேலை, உங்கள் மாடலின் நிஜ ஸ்கேலைக் கண்டுபிடிப்பது. முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம்தான் ‘வீல்பேஸ்’. நிஜ காரின் வீல்பேஸை மாடலின் வீல்பேஸால் வகுங்கள். வருவதுதான் உங்கள் ஸ்கேல்.

அரும்பாவூர் சிற்பிகளிடம் இருக்கு ஒரு டெக்னிக்

சரி, ஸ்கேல் தெரிந்துவிட்டது. உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நீளம், அகலம், வீல்பேஸ் எல்லாம் இணையத்தில் கிடைக்கும். வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் எவ்வளவு இடைவெளி என்று எந்த கம்பெனியும் போடாது.

இதற்கு ஒரு பழைய வழி பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. வேப்பந்தட்டை பக்கத்தில் உள்ள அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். 2020-ல் இந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரபுச் சிற்பக் கலையில் ‘தாலமானம்’ என்றொரு அளவு முறை உண்டு. சிலையின் முகத்தின் நீளம் ஒரு தாலம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஓர் அங்குலம். இது ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை, அந்தச் சிலைக்கே உரிய அங்குலம். கழுத்து, மார்பு, கால் எல்லாம் அந்தக் கணக்கில்தான். சிலை ஓர் அடியோ ஆறு அடியோ, விகிதம் மாறாது.

காருக்கும் இதையே செய்யலாம். முகத்துக்குப் பதில் வீல்பேஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி என்று ஓர் உதாரணம். மாருதி 800-ன் வீல்பேஸ் 2,175 மி.மீ. அதன் நேர் பக்கவாட்டுப் படம் ஒன்றை A4 தாளில் பிரிண்ட் எடுக்கிறீர்கள். படத்தில் வீல்பேஸ் 145 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

* 2,175-ஐ 145-ஆல் வகுத்தால் 15. அதாவது படத்தில் 1 மி.மீ. என்றால் நிஜத்தில் 15 மி.மீ.
* படத்தில் கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு தரையிலிருந்து 12 மி.மீ. உயரம் என்றால், நிஜத்தில் 180 மி.மீ.
* 1:24 மாடலில் அது 180 ÷ 24 = 7.5 மி.மீ.
* உங்கள் மாடலை அளந்தால் 9.5 மி.மீ. இருக்கிறதா? 2 மி.மீ. இறக்க வேண்டும். கதை முடிந்தது.

இதையே முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு முறை, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு முறை செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல கார்கள் தொழிற்சாலையிலிருந்தே மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் வருகின்றன.

படம் எடுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். கிட்டே நின்று போனை நீட்டினால் படம் வளையும், அளவு பொய் சொல்லும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, சக்கரத்தின் மைய உயரத்துக்குக் குனிந்து, ஜூம் செய்து எடுங்கள்.

முதலில் டயர், அப்புறம்தான் உயரம்

அளந்தாச்சு, உடனே அறுத்துவிடலாமா? பொறுங்க பாஸ். டயர் சரியான அளவுதானா என்று பார்க்காமல் உயரத்தில் கை வைக்கக் கூடாது.

டயரின் பக்கத்தில் இருக்கும் எண்களிலேயே விட்டம் இருக்கிறது. மாருதி 800-ன் டயர் 145/70 ஆர்12. அகலம் 145 மி.மீ. டயர் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 101.5 மி.மீ. உள்ளே இருக்கும் ரிம் 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். மொத்தம் ஏறக்குறைய 508 மி.மீ. இது 1:24-ல் 21.2 மி.மீ., 1:64-ல் 7.9 மி.மீ.

மாடல் டயர் இதைவிட 2 மி.மீ. பெரிதாக இருந்தால், டயரை மாற்றினாலே கார் 1 மி.மீ. இறங்கிவிடும். விட்டத்தில் பாதிதானே அச்சுக்குக் கீழே இருக்கிறது! ஆனால் டயர் சரியான அளவில் இருக்கும்போது, காரை இறக்குவதற்காகச் சின்ன டயர் போட்டால் இன்னொரு தப்பு சேரும். உயரம் சரியாகும், சக்கரம் பட்டாணி மாதிரி தெரியும்.

டயர் என்றதும் ஒரு சுவாரசியம். பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் எம்ஆர்எஃப், 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் தொடங்கப்பட்டபோது செய்தது டயர் இல்லை, பொம்மை பலூன்!

இனி வேலையில் இறங்கலாம்

பாடியைக் கீழே இறக்க வேண்டும் என்றால், உண்மையில் நாம் செய்வது அச்சை மேலே ஏற்றுவது. இந்த ஒரு வரி மனதில் பதிந்துவிட்டால் மீதி சுலபம்.

*1:64 உலோக கார் என்றால்:* அடியில் இருக்கும் ரிவெட்டின் தலையை மட்டும் டிரில்லால் எடுத்தால் பாடியும் அடித்தட்டும் பிரியும். அச்சு ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தில், அச்சுக்கு அடியில், மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வையுங்கள். எவ்வளவு தடிமனோ அவ்வளவு கார் இறங்கும். அச்சை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாகத்தை அதே அளவு அரத்தால் தேய்த்துக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடும்போது அச்சு வளைந்துவிடும்.

*1:24 பிளாஸ்டிக் கிட் என்றால்:* சக்கரம் மாட்டும் சின்னக் குச்சியை வெட்டி, தேவையான அளவு மேலே தள்ளி ஒட்ட வேண்டும். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை இருந்தால், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு துண்டு வைத்தால் போதும். அச்சு பட்டைக்கு மேலே இருந்தால் பட்டையின் மேல், கீழே இருந்தால் அங்கே இருக்கும் கட்டையைக் குறைத்தால் கார் இறங்கும்.

இரண்டிலும் டயர் உள்ளே இடித்தால், சக்கரக் குழியின் உட்புறத்தைத் தேய்த்து மெல்லிசாக்குங்கள். முன்னே சொன்ன அந்தச் ‘சுவர்’ அங்கேதான் இருக்கிறது. வெளி விளிம்பைத் தொடாதீர்கள்.

ஏடிஎம் கார்டு வைத்தியம்

நாலு சக்கரத்தையும் ஒரே கணக்கில் ஒட்டுவதுதான் இதில் கஷ்டமான இடம். மூன்று சக்கரம் தரையில், ஒன்று காற்றில் என்று பல பேருக்கு முடியும். அதற்குத்தான் இந்த வழி.

ஏடிஎம் கார்டுகளின் தடிமன் உலகம் முழுக்க ஒன்றுதான்: 0.76 மி.மீ. பத்து கார்டு அடுக்கினால் 7.6 மி.மீ. நம் மாருதிக்குத் தேவையான 7.5 கிட்டத்தட்ட வந்துவிட்டது. 1:64 என்றால் அதே உயரம் 2.8 மி.மீ. மூன்று கார்டும், மேலே 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் ஒன்றும் போதும்.

1. ஒரு தட்டையான கண்ணாடித் துண்டை மேசையில் வையுங்கள். மரப்பலகை வேண்டாம், அது எங்கேயாவது வளைந்திருக்கும்.
2. கார்டு அடுக்கை அதன் மேல் வைத்து, காரின் கதவுக்குக் கீழே உள்ள விளிம்புகள் அதில் உட்காரும்படி பாடியை வையுங்கள். முன்பக்கம் தாழ்வாக வேண்டும் என்றால் முன்னால் ஒரு கார்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
3. சக்கரங்களை மாட்டி, நான்கும் கண்ணாடியைத் தொடும்படி விடுங்கள். இப்போது அச்சு தன் இடத்தைத் தானே காட்டும்.
4. முதலில் ஒரு துளி பசை மட்டும். பிறகு ஒவ்வொரு டயருக்கு அடியிலும் மெல்லிய பேப்பரை நுழைத்து இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால், அந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை.
5. எல்லாம் சரி என்றால் மட்டும் முழுசாக ஒட்டுங்கள்.

கடைசியாக முன்னாலிருந்தும் பாருங்கள். ஸ்டான்ஸ் என்பது உயரம் மட்டும் இல்லை. சக்கரம் உள்ளே ஒடுங்கியிருந்தால், என்னதான் இறக்கினாலும் கார் ஒல்லியாகத் தெரியும். சின்ன வாஷர் ஒன்றைச் சேர்த்து வெளியே கொண்டுவரலாம். ஷெல்ஃபில் மட்டும் வைக்கப் போகும் காருக்கு, டயரின் அடியை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் அந்த மிதக்கும் தோற்றம் போய்விடும். அப்புறம் உருட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். உலோகமும் பழைய பெயின்ட்டும் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். ரிவெட்டைத் திறந்த கார் ‘கலெக்டர்’ சந்தையில் மதிப்பு இழக்கும். அரிதான மாடலில் கைவைக்கும் முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

லாரி மாடலா? லோடைக் கேட்டுவிட்டு உயரத்தைத் தீர்மானியுங்கள்

இப்போது ஆரம்பத்தில் பார்த்த லாரிகளுக்கு வருவோம். ஊர்ப் பட்டறைகளில் அரிவாள் அடிக்க எடுப்பார்களே, அந்த லாரி ஸ்பிரிங் பட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம். காலியாக இருக்கும்போது அது வில் மாதிரி வளைந்திருக்கும். பாரம் ஏற ஏற நிமிர்ந்து தட்டையாகும்.

அதனால் லாரி மாடலுக்கு ‘சரியான உயரம்’ என்று ஒன்று கிடையாது. காலி உயரம், லோடு உயரம் என்று இரண்டு உண்டு. தொட்டியில் நிஜ சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டி அழகாக வெதரிங் செய்துவிட்டு, பின்பக்கம் காலி லாரி மாதிரி எகிறி நின்றால், அரியலூர்க்காரர் யாராவது ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். லோடு வைக்கிறீர்களா? பட்டையை நிமிர்த்துங்கள், டயர் அடியைத் தட்டையாக்குங்கள்.

நிஜ காரிலும் இதைச் செய்யலாமா?

மாடலில் கெத்து, ரோட்டில் கேஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டத்தை விடுங்கள், ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய காரில் சக்கரம் மேலே ஏறி இறங்க இடம் இருக்காது. பள்ளத்தில் இறங்கினால் டயர் பாடியில் உரசும். ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடமும் மாறும். நம்ம ஊர் வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதுக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடணுமா?

நியாயமான கேள்வி. ஒரு பதில் இருக்கிறது. 1983-ல் வந்த மாருதி 800, 1950-களில் வந்த அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுபோனது. முதலாவது ஜனவரியில், இரண்டாவது மே மாதத்தில். 15 ஆண்டுகள் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை ரத்து செய்யும் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு காலத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசல் என்றாலே வெள்ளை அம்பாசடர்தான். இன்று அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த கார்கள் எப்படி நின்றன என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. முன்பக்கம் முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் என்று இருந்த அம்பாசடர், பின் சீட்டில் நாலு பேர் ஏறினால் எப்படி அமுங்கும் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டால், அளக்க எதுவும் இருக்காது.

அதனால் இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை. உங்கள் தாத்தா வீட்டிலோ, பக்கத்துத் தெருவிலோ, ஸ்டாண்டிலோ அப்படி ஒரு வண்டி இன்னும் நின்றால், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, தள்ளி நின்று, குனிந்து, நேர் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். டேப் வைத்து நாலு அளவு குறித்துக்கொள்ளுங்கள்: முன், பின் வீல் ஆர்ச்சின் உயரம், கதவுக்குக் கீழ் விளிம்பின் உயரம், டயரின் விட்டம். மாடல் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். இந்த நாலு எண்களை இப்போது மட்டும்தான் எடுக்க முடியும்.